பழைய ஸ்விஃப்டா, பி.எம்.டபிள்யூ. செடானா? கார்த்திகை மாதத்தை வைத்து ஒரு கணக்கு

தங்கை வீட்டுக்காரர் போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்து, காபி ஆறும்வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு போனை நீட்டினார். அதில் கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ. 320டி. 2020 மாடல், டீசல், 48,000 கி.மீ. ஓடியது, புதுச்சேரியின் பி.ஒய். 01 நம்பர், கேட்கிற விலை 27 லட்சம்.

"மச்சான், நம்ம ஸ்விஃப்ட்டை வித்துட்டு இதை எடுத்துடலாமா?"

அவரிடம் இருப்பது 2012 ஸ்விஃப்ட், பெட்ரோல், ஒரே கை, 1,12,000 கி.மீ. வீடு புதுச்சேரி லாஸ்பேட்டை. இரண்டு வருஷமாக வேலை கடலூர் சிப்காட்டில். போக வர தினம் 60 கி.மீ.க்கு மேல்.

இதே கேள்வியை வேறு வேறு வண்டிப் பெயர்களோடு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. இன்சூரன்ஸ் கிளெய்ம் வந்தால் போய்ப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் சர்வேயர். அதனால் ஷோரூமில் பளபளக்கும் காரைவிட, தண்ணீர் வடிந்த பிறகு நிற்கும் காரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த ஒப்பீட்டிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

விலை, மைலேஜ், லுக் என்ற மூன்றோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடலூர், புதுச்சேரிக்கு நான் கேட்கும் கேள்விகள் வேறு.

வருஷத்துக்கு எத்தனை கி.மீ., எந்த ரோட்டில்? ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி வண்டி எங்கே நிற்கும், பகலில் எங்கே நிற்கும்? நின்றுபோனால் யார் கை வைப்பார், எத்தனை நாளில் திரும்பி வரும்? மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா? வாங்கிய பிறகு வருஷா வருஷம் என்ன போகும்? கடைசியாக, காகிதம் யார் பேரில், எந்த மாநிலத்தில்?

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக மார்க் கொடுப்பேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2015 இறுதியில் கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூருக்குள் புகுந்தது. இங்கே கார் வைத்திருக்கும் பத்து வருஷத்தில் இரண்டு முறையாவது இப்படி ஒரு ராத்திரி வரும் என்று எண்ணிக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| விவரம் | 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல் | 2020 பி.எம்.டபிள்யூ. 320டி |
|---|---|---|
| எஞ்சின் | 1,197 சி.சி. | 1,995 சி.சி., 190 குதிரைத்திறன் |
| நீளம் | 3,850 மி.மீ. | 4,709 மி.மீ. |
| அகலம் | 1,695 மி.மீ. | 1,827 மி.மீ. |
| டிக்கி | 204 லிட்டர் | 480 லிட்டர் |
| மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், வருஷத்துக்கு | 3,416 ரூபாய் | 7,897 ரூபாய் |
| இன்று கைமாறும் விலை, சுமாராக | 2.5 முதல் 3.5 லட்சம் | 25 முதல் 30 லட்சம் |
| ஒரு டயர், சுமாராக | 4,500 ரூபாய் | 20,000 ரூபாய்க்கு மேல் |

## ஓட்டும் தூரமும் ரோடும்

ஸ்விஃப்ட்: திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலோ, ஞாயிற்றுக்கிழமை சந்தை நடக்கும் நேரத்தில் புதுச்சேரி காந்தி வீதிப் பக்கமோ வண்டி ஓட்டியவருக்கு அகலத்தில் 13 செ.மீ. என்றால் என்னவென்று தெரியும். ஸ்விஃப்ட் ஒரே வெட்டில் திரும்பிவிடும். ஆனால் தினம் 60 கி.மீ. என்றால் சத்தம், குலுங்கல், மாலையில் இடுப்புவலி எல்லாம் உண்டு.

செடான்: நெடுஞ்சாலையில் இதன் சுகத்தை மறுக்க முடியாது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நிலத்தைப் பிடித்தபடி ஓட்டம். ஆனால் தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி ஸ்விஃப்டைவிட ஏறக்குறைய 3 செ.மீ. குறைவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமோ 40 செ.மீ.க்கு மேல் அதிகம். பெயின்ட் அடிக்காத, ஊர்க்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடைகளில் நடுவயிறு உரசுவது அதனால்தான்.

டீசலில் இன்னொரு விஷயம் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க அது நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு இருபது நிமிஷமாவது தடையில்லாமல் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கு என்று மூன்று, நான்கு கி.மீ. மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நம் மாப்பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை, தினமும் கடலூர் ரோட்டில் ஓடுகிறார். மஞ்சக்குப்பத்துக்குள்ளேயே சுற்றும் என் போன்றவனுக்கு டீசல் செடான் வேண்டவே வேண்டாம்.

## தண்ணீர்

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் இரண்டு காருக்கும் ஒரே கதிதான். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நேரம் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். நின்ற வண்டியை 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்று திருப்பிய கைதான், நான் பார்த்த எஞ்சின் கிளெய்ம்களில் பாதிக்குக் காரணம். சாதாரண முழுக் காப்பீட்டில் இது சேராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். வண்டிக்கு வயது ஏற ஏற அதைக் கொடுக்கவே கம்பெனிகள் யோசிக்கும்.

எஞ்சின் வரை ஏறாத தண்ணீர் வந்தால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

ஸ்விஃப்ட்: தரை மேட் நனையும் அளவு வந்தால், சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை வெயிலில் போட்டு, பிரேக்கையும் வயரிங்கையும் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஓடும். செலவு ஆயிரங்களில் முடியும்.

செடான்: அதே அளவு தண்ணீர் இங்கே வேறு கதை. கார்ப்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் வயர்கட்டுகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஓடுகின்றன. 3 சீரிஸில் பேட்டரியே டிக்கிக்குள் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெட்டி கெட்டால் அதைத் தனியாக வாங்க வேண்டும், பிறகு அந்தக் காருக்கென்று கம்ப்யூட்டர் வைத்துப் பழக்க வேண்டும். சில சமயம் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு தையில் பொங்கல் அன்று ஏ.சி. நிற்கும், மாசியில் கதவு பூட்டாது. தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராத கார்களை, பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டியதால் முழு நஷ்டம் என்று எழுதியிருக்கிறேன்.

ஆகவே செடான் வாங்குபவர் தரைமட்டத்தைப் பார்க்க வேண்டும். லாஸ்பேட்டை மேடு, ராத்திரி பயமில்லை. தாழ்வான ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் என்றால் மேல்தள பார்க்கிங் இல்லாமல் யோசிக்கவே கூடாது. கடலூர் பக்கம் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில் மழை நாளில் எந்தக் காரையும் இறக்காதீர்கள், அது இன்னோவாவாக இருந்தாலும் சரி. மாப்பிள்ளை விஷயத்தில் பகல்தான் சந்தேகம். வண்டி எட்டு மணி நேரம் சிப்காட்டில் நிற்கிறது, பக்கத்தில் உப்பனாறு. கம்பெனிக்குள் மேட்டில் இடம் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

உப்புக்காற்று பற்றி ஒரு வரி: பழைய காரில் சைலன்சர், டிக்கிக் கதவின் கீழ்விளிம்பு, அடிப்பகுதி எல்லாம் துருப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மழை முடிந்ததும் அடியைக் கழுவித் துரு மருந்து அடித்தால் போதும்.

## கெட்டால் யார் கை வைப்பார்

ஸ்விஃப்ட்: செம்மண்டலம் முதல் வில்லியனூர் வரை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள். உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கும். கிளட்ச் மாற்ற ஏழு, எட்டாயிரம். எஞ்சினில் செயின் என்பதால் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஒரு புதுக் கவலை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் கேஸ்கட்களும் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் குழாய்களை ஒருமுறை பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. மைலேஜ் கொஞ்சம் இறங்கும்.

செடான்: சின்ன வேலையை உள்ளூரில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய வேலைக்கு, நான் பார்த்த வண்டிகளைப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் ஏற்றிப் போனார்கள். டோயிங், நாள்கணக்கில் காத்திருப்பு, பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்ற பதில். பேட்டரி மாற்றினால்கூட, புது பேட்டரி போட்டிருக்கிறது என்று காருக்குக் கம்ப்யூட்டர் வழியாகச் சொல்ல வேண்டும். பல ஜெர்மன் செடான்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. வரை போகும் ரன்-ஃபிளாட் டயர்தான் இருக்கும். வசதிதான், ஆனால் பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

வாரன்ட்டி நீட்டிப்பு பாக்கி இருக்கும் செடானும் இல்லாத செடானும் ஒரே கார் அல்ல. இரண்டாவதை வாங்கினால், கையில் தனியாக 3 லட்சம் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

## உயிர்

இந்த இடத்தில் என் சாய்வையும் மீறிச் செடான் பக்கம் போகவேண்டியிருக்கிறது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத இந்திய ஸ்விஃப்டை 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். 3 சீரிஸின் இந்தத் தலைமுறை 2019இல் யூரோ என்கேப் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கியது. இரண்டும் வேறு வேறு சோதனை, நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் இடைவெளி தெரிகிறது.

2012 ஸ்விஃப்டில் உயர்ந்த இசட்.எக்ஸ்.ஐ. மாடலில்தான் ஏர்பேக் இருந்தது. மாப்பிள்ளையுடையது வி.எக்ஸ்.ஐ. தினம் 60 கி.மீ. லாரியும் கரும்பு டிராக்டரும் ஓடும் ரோட்டில் ஏர்பேக் இல்லாத வண்டியில் போகிறார் என்பது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வண்டியை விற்கச் சொல்வாள்.

ஊருக்குள் 30, 40 வேகத்தில் ஓட்டுபவருக்கு இந்தப் பகுதியின் எடை குறைவு.

## வருஷச் செலவு

18,000 கி.மீ. ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் 1,125 லிட்டர். டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய் மலிவு என்றால் மிச்சம் 11,000 சொச்சம். செடானின் ஒரு டயருக்குக்கூட அது காணாது. எரிபொருளை வைத்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

ஸ்விஃப்ட்: சர்வீஸ், காப்பீடு, டயர் ஒதுக்கீடு, எதிர்பாராத வேலை எல்லாம் சேர்த்து என் கணக்கில் 50,000 ரூபாய். விலை இறங்குவதற்கு இனி இடமில்லை. கி.மீ.க்கு மூன்று ரூபாய்க்குள்.

செடான்: இரண்டு காருக்கும் விலை வித்தியாசம் 24 லட்சம். அதை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டால் வருஷம் 1,56,000 வரும். அது போகிறது. விலை இறக்கம் வருஷத்துக்கு 3 லட்சமாவது. காப்பீடும் சர்வீசும் சேர்ந்து ஒரு லட்சம். மொத்தம் ஐந்தரை லட்சம், கி.மீ.க்கு 30 ரூபாய். இதுவே ஊருக்குள் வருஷத்துக்கு 6,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 90 ரூபாய் ஆகும். அந்தக் காசுக்கு மஞ்சக்குப்பம் ஆட்டோக்காரர் வாசலிலேயே குடியிருப்பார்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததையும் கணக்கில் சேருங்கள். ஆறு ஏர்பேக் உள்ள புது ஸ்விஃப்டின் ஷோரூம் விலை 6 லட்சத்துக்குக் கீழே தொடங்குகிறது. கேட்காத கேள்விக்குப் பதில்தான், இருந்தாலும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அதுவும் ஸ்விஃப்ட்தானே மச்சான்" என்றார். முகத்தைப் பார்த்தால் ஆசை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆசைக்கு வாங்குவதும் தப்பில்லை. அதற்குச் சிக்கனக் காரணம் தேடும்போதுதான் கணக்கு கோணலாகிறது.

## காகிதம்

ஸ்விஃப்ட்: 2027இல் 15 வயது முடியும். ஆர்.சி.யைப் புதுப்பிக்க மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய், தகுதிச் சோதனை உண்டு, புதுப்பித்தால் ஐந்து வருஷம். 20 வயதைத் தாண்டினால் கட்டணம் 10,000.

செடான்: புதுச்சேரியில் வாழ்பவர் பி.ஒய். வண்டியைப் பேர் மாற்றினால் போதும். கடலூர்க்காரர் வாங்கினால் அப்படி இல்லை. முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று, பிறகு தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் லட்சங்களில்தான் நிற்கும். புதுச்சேரி நம்பர் மலிவு என்று வாங்கிவிட்டு இந்த வரியை மறந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். லோன் இருந்த வண்டியானால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

## யாருக்கு எது

வருஷம் 8,000 கி.மீ.க்குள், ஊருக்குள்ளேயே ஓட்டம், தெருவில் அல்லது தாழ்வான இடத்தில் நிறுத்தம், வீட்டுக்கு ஒரே கார் என்றால் பழைய ஸ்விஃப்டை நல்லபடியாகப் பராமரித்து ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் வருஷம் 15,000 கி.மீ.க்கு மேல், மேட்டில் கூரையுள்ள நிறுத்தம், மழை நாளில் எடுக்க வீட்டில் இன்னொரு வண்டி, கடனில்லாத பணம் என்றால் செடானை எடுக்கலாம். மாப்பிள்ளைக்கு இதில் முக்கால்வாசி பொருந்துகிறது. ஸ்விஃப்டை விற்காமல் மழைக்கு வைத்துக்கொண்டால் முழுசாகவே பொருந்தும்.

ஆனால் செடான் எடுக்கலாம் என்பது ஒன்று, அந்தச் செடானை எடுக்கலாம் என்பது வேறு. தண்ணீர் குடித்த காரைக் காயவைத்து, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விற்பது பழைய பழக்கம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பாதியில் சேற்றுக்கோடு இருக்கும், அதை யாரும் துவைப்பதில்லை. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கித் தரைக்கு அடியில் மணல், ஏ.சி. போட்டதும் வரும் ஈரச்சாக்கு வாடை. இவற்றைவிட நல்ல சாட்சி பழைய பாலிசி. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கொடுக்கும் என்.சி.பி. தள்ளுபடி 20இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். சொந்தச் சேதத்துக்கு ஒரு கிளெய்ம் போட்டால், அடுத்த பாலிசியில் பொதுவாகச் சுழியாகிவிடும். புதிதாகக் கைமாறிய வண்டியிலும் சுழியாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலிசி நகலைக் கேட்கச் சொன்னேன். முந்தாநாள் வந்தது. 2025 ஜூனில் புதுப்பித்தது, அதாவது ஃபெஞ்சலுக்குப் பிறகு. என்.சி.பி. இருக்கும் கட்டத்தில் சுழி. விற்பவர் 2022 முதல் அவரே உரிமையாளர். பம்பர் உரசியதற்கு ஒரு சின்ன கிளெய்ம் என்கிறார். இருக்கலாம். வீடு ரெயின்போ நகர் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு போகிறேன். முதலில் பின்சீட்டு பெல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டும்.